தூசியை நிறுத்திவைத்த ஊர்

தனுஷ்கோடியில் என் பெட்டியைச் சோதித்த உத்தியோகஸ்தர், உள்ளே இருந்த கண்ணாடி உருண்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை வைத்துக் குறி சொல்வீரா?" என்று கேட்டார். "சூரியன் சொல்லும், நான் கேட்டுக்கொள்வேன்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கொழுப்புக்குத் தண்டனையாகப் பெட்டியில் இருந்த மற்ற எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கட்டி அனுப்பிய பனங்கிழங்கு ஒடியல் மாவை விரலால் தொட்டு மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார், போகலாம் என்றார்.

அந்த உருண்டை ஒரு நல்ல மாதுளம்பழத்தின் பருமன் இருக்கும். ஓர் இரும்புத் தொட்டிலில் அதை உட்கார்த்தி, பின்னால் ஒரு நீல அட்டையைச் செருகி, வெட்டவெளியில் வைத்துவிட்டால் நம் வேலை முடிந்தது. வெயில் உருண்டைக்குள் புகுந்து, ஒரு புள்ளியாகக் குவிந்து, அட்டையைச் சுட்டுக்கொண்டே நகரும். பொழுது சாயும்போது அட்டையில் ஒரு கரிக்கோடு இருக்கும். வானம் சுத்தமாக இருந்தால் கோடு தடிமனாக விழும். காற்றில் தூசியோ புகையோ மிதந்தால் மெலிந்துபோகும்.

கொழும்பில் ஒரு கல்லூரியில் நான் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பேராசிரியருக்குத் தூசி என்றால் உயிர். கண்ணுக்குத் தெரியாத தூசியும் புகையும் கடல் உப்பும் உலகத்தைச் சுற்றி மிதந்துகொண்டே இருக்கின்றன, அவை வெயிலில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகின்றன, அதனால் கீழே பூமி கொஞ்சம் குளிர்கிறது என்பது அவர் கட்சி. கரிப்புகை மட்டும் வெயிலைக் குடித்துவிட்டுத் தானும் சூடேறிக் காற்றையும் சூடேற்றும் என்பார். இதையெல்லாம் நம்ப எனக்குச் சிரமமே இல்லை. என் தகப்பனார் சிறுபிள்ளையாக இருந்தபோது சாவகத் தீவுப் பக்கம் ஓர் எரிமலை வெடித்து, அதன் சாம்பல் மேலே ஏறி, யாழ்ப்பாணத்தில் சூரியன் பச்சையாக உதித்ததாம். உலகம் அழியப்போகிறது என்று அடுப்புக்கூட மூட்டாமல் எல்லோரும் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தார்களாம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் சீமையில் வெயிலே சரியாக அடிக்கவில்லை என்று பேராசிரியர் சொல்வார்.

கடற்கரை அட்டைகள் எங்களிடம் இருந்தன. மலை அட்டைகளும் இருந்தன. வறண்ட உள்நாட்டு அட்டைதான் இல்லை. "கோயம்புத்தூருக்குப் போ. அங்கே ஆலைகள் பெருகிவிட்டன, புகை இருக்கும்" என்று என்னை அனுப்பினார். என்னோடு சென்னையில் படித்த அழகிரி நாயுடு அங்கே ஒரு பஞ்சாலையில் மானேஜராக இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

கோயம்புத்தூரில் இறங்கியதும் முதலில் கண்டது தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் என்று ஒரு செம்பு நிறையத் தந்தார்கள். நான் கிணற்று உவரில் வளர்ந்தவன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சீனி போட்டிருக்கிறதா என்று கேட்டேன். நாயுடு வீட்டுச் சமையல்காரருக்கு அன்று முழுவதும் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் காலை நாயுடு என்னை ஆலைக்கு அழைத்துப் போனான். நான் அண்ணாந்து புகைபோக்கியைத் தேடினேன். ஒன்றையும் காணோம்.

"புகையா? ஏப்பா, எந்தக் காலத்துல இருக்கறே? பைகாராவுல இருந்து கரண்டு வருதப்பா! மில்லு பூராவும் மின்சாரத்துல ஓடுது. பொட்டுப் புகை கிடையாது" என்று அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

எனக்கு அழுகை வராத குறை. புகை பார்க்கக் கடல் கடந்து வந்தவனிடம் புகையில்லாத ஆலையைக் காட்டிப் பெருமைப்படுகிறான்! உள்ளே பஞ்சு மட்டும் பறந்துகொண்டிருந்தது. அது என் தலையில் படிந்து, வெளியே வரும்போது நான் பத்து வயது கூடித் தெரிந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து நாயுடுவுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"தூசி வேணும், அவ்வளவுதானே? காரமடைப் பக்கம் நம்ம சிநேகிதர் நாச்சிமுத்துக் கவுண்டரு சாளை இருக்குது. இந்த மாசியில அங்க சோளம் தூத்துவாங்க. மலையடிவாரத்துல புல்லு எரியும். வண்டித்தடம் பூராவும் புழுதி. திங்கத் திங்கத் தூசி கிடைக்கும், போ."

சாளை என்றால் தோட்டத்திலேயே கட்டியிருக்கும் வீடு. காரமடையில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு குதிரை வண்டியில் அங்கே போனேன். இருபுறமும் கள்ளிவேலி நெருக்கும் ஒற்றைப் பாதை, இட்டேரி என்கிறார்கள். எதிரே ஒரு மாட்டு வண்டி வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். எங்கள் எதிரே ஒன்று வந்தது. இரண்டு வண்டிக்காரர்களும் இறங்கி, "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல போங்க" என்று வெகு நேரம் உபசாரம் செய்துகொண்டார்கள். கொழும்பிலே என்றால் இதற்குள் இரண்டு பேருடைய பாட்டன் பூட்டன் வரை பேச்சில் வந்திருப்பார்கள். இங்கே குதிரைக்குத்தான் பொறுமை போயிற்று. அது தானாகவே பின்னால் நகர்ந்து, சக்கரம் வேலியில் ஏறி, நானும் உருண்டைப் பெட்டியும் ஒரு பக்கமாகச் சரிந்தோம். பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டதால் உருண்டை பிழைத்தது. முழங்கையில் கள்ளிமுள் ஏறியது.

நாச்சிமுத்துக் கவுண்டர் நெடிய மனிதர், பேச்சு குறைவு. அவர் மனைவி ராமாத்தாள் அதற்கும் சேர்த்துப் பேசுவார். "வாங்க, வாங்க! ஏனுங்க, முள்ளுக் குத்திப்போட்டுதுங்களா? சித்த இருங்க, ஊசி கொண்டாறேன்" என்று சொல்லி, என் பெயரைக் கேட்பதற்கு முன்பே முள்ளை எடுத்துவிட்டார்.

எனக்காகப் பெட்டியிலிருந்து ஒரு பவானி ஜமக்காளத்தை எடுத்துக் கட்டிலில் விரித்தார்கள். சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்டது, மடிப்புகூடக் கலையாதது. அன்று சாப்பாட்டில் சந்தகை. எங்கள் இடியப்பத்தின் ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் சொதி ஊற்றுவோம், இவர்கள் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றுகிறார்கள். "இன்னும் கொஞ்சமுங்களா?" என்று கேட்டபோது எங்கள் ஊர் வழக்கப்படி "ஓம்" என்றேன். ராமாத்தாள் நான் ஏதோ மந்திரம் சொல்லத் தொடங்கிவிட்டதாக எண்ணிக் கரண்டியைப் பிடித்தபடி மரியாதையாக நின்றார். மந்திரம் மேலே போகாததைக் கண்டு நானே "ஆமாங்க" என்று மாற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு முன்னால் சாணம் மெழுகிய பெரிய களம். அதன் நடுவில் மாடுகள் மிதித்துப் போட்ட சோளம், மணியும் சொங்கு என்கிற உமியுமாக, என் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அந்த வருஷத்துச் சாப்பாடும் அடுத்த வருஷத்து விதையும் அதுதான் என்று கவுண்டர் சொன்னார். போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் குதிரில் பழைய தானியம் ஒன்றும் மிச்சமில்லையாம். வெட்டவெளி வேண்டும் என்பதால் என் உருண்டையைக் களத்தின் ஓரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தேன்.

மறுநாள் நல்ல காற்று. ராமாத்தாளும் நான்கைந்து பெண்களும் முறத்தைத் தலைக்கு மேலே தூக்கிச் சரித்தார்கள். மணி நேரே கீழே விழ, சொங்கு புகைபோலப் பறந்து என் மேலும் என் உருண்டை மேலும் படிந்தது. கண்ணாடியின் மேல் தூசி ஒட்டிக்கொண்டால் கணக்கே கெட்டுப்போகும். நான் மல் துணியை எடுத்துத் துடைத்தேன். மறுபடி படிந்தது, மறுபடி துடைத்தேன். சோளச் சொங்கின் சுணை கழுத்தில் இறங்கி ஊரல் எடுத்து அரித்தது. ஐந்தாறு தும்மல் சேர்ந்து வந்தது. "சீ, இந்தத் தூசி! கண்ணாடியில் பட்டால் என் வேலை எல்லாம் பாழ்!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். கண்ணாடியில் ஒட்டும் தூசிதான் எனக்குப் பகை, காற்றில் மிதக்கும் தூசியைத் தேடித்தான் வந்திருக்கிறேன் என்ற வித்தியாசத்தைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரலில் இருந்தவனுக்கு விளக்கம் எங்கே வரும்?

சிறிது நேரத்தில் பெண்கள் முறத்தை வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு சுகம். எழுந்து வந்து பார்த்தால் களம், வாசல், மாட்டுத் தொழுவத்து வழி எல்லாம் தண்ணீர் தெளித்துக் குளிர்ந்து கிடக்கும். வண்டிச் சத்தம் தூரத்தில் எங்கோ சுற்றிப் போகும். ஆடுகள் பட்டியை விட்டு வெளியே வரவில்லை. பெண்கள் பாதம் அதிராமல் நடந்தார்கள். காலையில் கருப்பட்டிக் காப்பி, மத்தியானம் அரிசியும் பருப்புமாக ஒன்றாய்ப் பொங்கிய சாதம், மேலே கரண்டி நெய். கொள்ளு ரசம் குடித்தால் மூக்கு திறந்துகொள்ளும். கொழும்பில் எப்போதும் எதையோ தேடி ஓடுகிறவன், இங்கே வேப்ப நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு சூரியன் அட்டையைச் சுடுவதைப் பார்த்திருந்தேன்.

ஒரே ஒரு குறை. தினமும் கோடு தடிமனாகவே விழுந்தது. மலைப்பக்கத்து மெல்லிய புகைமூட்டம் காலையில் கொஞ்ச நேரம் வெயிலை மங்கவைத்ததே தவிர, நாயுடு சொன்ன தூசியைக் காணவில்லை. இவ்வளவு சுத்தமான ஊரை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அந்தப் பாவி என்னை ஏமாற்றிவிட்டான் என்று பொருமிக்கொண்டேன்.

"என்ன அருமையான காற்று!" என்று ஒரு மத்தியானம் கவுண்டரிடம் சொன்னேன்.

"ஆமாங்க, நல்ல காத்துங்க" என்றார். சொல்லிவிட்டுச் சோளக் குவியலைப் பார்த்தார். பிறகு மேற்கே மலையைப் பார்த்தார். இரண்டும் என் கண்ணில் பட்டன, புத்தியில் ஏறவில்லை.

காரமடையில் அப்போது அரங்கநாதர் தேர். கவுண்டர் என்னை மாட்டு வண்டியில் அழைத்துப் போனார். ராமாத்தாள், "நானு வரலீங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்று நின்றுகொண்டார். தேருக்குக்கூட வராமல் வீட்டில் என்ன வேலை என்று நினைத்தேன். களத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை என்று பிற்பாடு தெரிந்தது.

தேர் வீதியில் எள் போட்டால் விழாத கூட்டம். பொரிகடலை, கரும்பு, வளையல், ராட்டினம். "கோவிந்தா! ரங்கா!" என்று சத்தம் எழுந்து, வடம் இறுகி, தேர் அசைந்தது. அத்தனை பேர் காலும் ஒன்றாக மண்ணை உதைத்ததில் புழுதி கோபுரம் வரை ஏறிற்று. சாய்கிற சூரியனைப் பார்த்தேன். செம்புத் தட்டுப்போலச் சிவந்து, கண் கூசாமல் பார்க்கும்படி இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆகா, என்ன தூசி! கவுண்டரே, பாருங்கள், வெயிலை எப்படித் தின்கிறது! இதைத்தானே நான் தேடி வந்தேன்! உருண்டையைக் கொண்டுவராமல் போனேனே!"

கவுண்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, தூசின்னா உங்களுக்கு ஆகாதுங்களே?"

"ஆகாதா? தூசிக்காகத்தானே கப்பலேறி வந்தேன்!"

அவர் தேரை விட்டுவிட்டு மேற்கே மலையைப் பார்த்தார். தேர் எங்களைத் தாண்டிப் போயிற்று. "என்ன விஷயம்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க" என்றார். திரும்பக் கேட்டேன். "அட, அது ஒண்ணுமில்லீங்க, உடுங்க" என்றார். கொங்கு நாட்டில் ‘ஒண்ணுமில்லீங்க’ என்றால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். சட்டைத் துணியைப் பிடிக்காத குறையாக நச்சரித்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. விருந்தாளிக்கு இங்கே ஒறம்பரை என்று பெயர். வீட்டுக்கு வந்த ஒறம்பரையே தன் வேலை தூசியால் பாழாகிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அன்றே தூற்றுவதை நிறுத்திவிட்டார்கள். வண்டிகளை அடுத்த இட்டேரி வழியாகச் சுற்றிப் போகச் சொல்லிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடமும் சொல்ல, அவர்களும் களத்தில் கை வைக்கவில்லை. ஆடுகளுக்குப் பட்டியிலேயே தழை. நான் போகும்வரை ஓர் ஊரே தன் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது!

"ஐயோ, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஒறம்பரைகிட்டப் போயி அதெப்படீங்க சொல்றது? நீங்க சங்கடப்படுவீங்கல்லங்க" என்றார் கவுண்டர்.

அப்போதுதான் சூரியனை விட்டு அதன் கீழே மலைப் பக்கம் பார்த்தேன். மாசியில் வரக்கூடாத மேகம், மலைக்கு மேலே கறுத்து நின்றது. குவியல் நனைந்தால் மணி முளைவிட்டுக் கெட்டுப்போகும். சாப்பாடும் போச்சு, விதையும் போச்சு. நல்ல காற்றடித்த நாட்களையெல்லாம் என் மூக்குக்காக விட்டுவிட்டார்கள். எனக்குச் சாப்பிட்ட கரும்பு கசந்தது.

"வண்டியைப் பூட்டுங்கள்" என்றேன். மாடுகளைக் கவுண்டர் விரட்டிய விரட்டில் பாதி வழியில் கடையாணி கழன்று ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு ஓடியது. வண்டியை அங்கேயே விட்டு, மாடுகளைப் பிடித்துக்கொண்டு மிச்ச வழியை நடந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் ராமாத்தாளிடம் சொன்னேன்: "அம்மா, நாளைக்கு விடிந்ததும் தூற்றுங்கள். எனக்குத் தூசி வேண்டும்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கணவரிடம் திரும்பினார். "பாவம், மேகத்தப் பாத்துப்போட்டு நமக்காகச் சொல்றாங்க. எத்தன நல்ல மனசு! அதெல்லாம் வேண்டாமுங்க, உங்க வேலை முடியட்டுங்க. மழையெல்லாம் வராதுங்க."

"மரியாதைக்குச் சொல்லவில்லை. மெய்யாகவே வேண்டும்."

"சரீங்க, சரீங்க. கை கழுவுங்க, சோறு போடறேன்."

இப்படி ஓர் உபசாரத்தை நான் கண்டதில்லை. நான் எவ்வளவுக்கு வற்புறுத்தினேனோ அவ்வளவுக்கு என்னை நல்லவனாக்கினார். கவுண்டர் தேரில் நடந்ததைச் சொல்லியும் ராமாத்தாள் பாதிதான் நம்பினார். தூசியைத் தேடிக்கொண்டு எவனாவது கடல் தாண்டி வருவானா என்பது அவர் கேள்வி. யோசித்தால் அதில் நியாயம் இருந்தது.

காலையில் நான் வாதத்தை விட்டுவிட்டேன். உருண்டையைத் தூக்கிப்போய்க் காற்று போகிற பக்கம், சொங்கு வந்து விழுகிற இடத்தில் வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு முறத்தில் சோளத்தை அள்ளித் தலைக்கு மேல் தூக்கிச் சரித்தேன். காற்று இல்லை. அவ்வளவும் என் தலையிலேயே விழுந்தது. கண், காது, சட்டைக்குள் எல்லாம் சொங்கு. ஊரல் பிடுங்கியது. நான் சிரித்துக்கொண்டே இரண்டாவது முறத்தை அள்ளினேன்.

ராமாத்தாள் ஓடிவந்து முறத்தைப் பிடுங்கிக்கொண்டார். "அட சாமி! நெசமாத்தான் வேணுமுங்களா?"

"நெசமாத்தான்" என்றேன்.

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க! அடியே, எல்லாரும் வாங்க, கொழும்புக்காரருக்குத் தூசி வேணுமாம்!"

பெண்கள் வந்துவிட்டார்கள், காற்று வரவில்லை. இத்தனை நாள் வீசியதெல்லாம் எங்கே போயிற்றோ, வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. மேற்கே மேகம் மலையை மறைத்துவிட்டது. கவுண்டர் சாக்குகளை உதறி அடுக்கிவைத்துவிட்டுக் களத்தில் குந்தியிருந்தார். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. யாராவது நன்றாகத் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

உட்கார்ந்திருந்த நேரத்தில் ராமாத்தாள், அந்தத் தூசியை வைத்து நான் என்னதான் செய்வேன் என்று கேட்டார். சொன்னேன். இந்தச் சொங்கு கனமானது, அடுத்த தோட்டத்துக்குள் விழுந்துவிடும். அதைவிடப் பொடியான புழுதியும் மலையில் எரிகிற புல்லின் புகையும் நாள்கணக்கில் மிதந்து தேசம்விட்டுத் தேசம் போகும். போகிற வழியெல்லாம் வெயிலைக் கொஞ்சம் குறைக்கும். மேகத்தில் இருக்கிற ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு பொடித் தூசி உண்டு, அதைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் சேரும்.

"அப்ப தூசி இல்லாட்டி மழையே இல்லீங்களா?"

"மேகம் சேர்வதே கஷ்டம்."

"அப்ப இத்தன நாளும் மழைய நிறுத்தி வெச்சிருந்தது நாங்கதானுங்க! இன்னிக்குத் தூத்தினா வந்துருமுங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே கொல்லென்று சிரித்தார். மற்றப் பெண்களும் சிரித்தார்கள். ஒரு கைப்பிடித் தூசியால் மழை வராது என்று நான் விளக்கப் போனேன். அதற்குள் வேப்பிலை அசைந்தது.

காற்று! உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்பாக, கிழக்கேயிருந்து, சீராக. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லா முறமும் ஒன்றாக மேலே போயிற்று. தாமதப்பட்ட பக்கத்துத் தோட்டக் களங்களிலும் தூற்றத் தொடங்கிவிட்டார்கள். ஊர் அடக்கிவைத்திருந்த அவ்வளவு தூசியும் ஒரே நேரத்தில் கிளம்பிற்று. வெயில் மஞ்சளாகி, நிழல்களின் ஓரம் கரைந்தது. நான் ஒரு கையால் உருண்டையைத் துடைப்பதும் மறு கையால் சாக்கைப் பிடிப்பதுமாக இருந்தேன். உள்ளே அந்தச் சூட்டுப் புள்ளி அட்டையில் மயிரிழைபோல ஒரு கோட்டை இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கூத்தாட வேண்டும்போல இருந்தது. ஆடவும் ஆடினேன், ஆனால் அது பாதி ஊரலினால்.

கடைசிச் சாக்கைத் தைக்கும்போது முதல் துளி விழுந்தது. எல்லாச் சாக்கையும் உடனே உள்ளே கொண்டுபோக முடியவில்லை. மூடுவதற்குத் துணி போதவில்லை. நான் ஓடிப்போய்க் கட்டிலில் இருந்த ஜமக்காளத்தை இழுத்துவந்தேன்.

"ஐயோ, அது ஒறம்பரைக்குப் போட்டதுங்க!" என்று ராமாத்தாள் வழியை மறித்தார்.

"ஒறம்பரையே போடுகிறான், விடுங்கள்" என்று மூட்டைகள் மேல் விரித்தேன். நானும் கவுண்டரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மழை சொங்கின் மேல் கொட்டிற்று, களத்தில் ஓடிற்று. மணி நனையவில்லை. கவுண்டர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நெடிய மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அன்று இரவு வெறும் பாயில் படுத்தேன். அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை.

கொழும்புக்குத் திரும்பி, அட்டைகளைப் பேராசிரியர் மேசையில் பரப்பினேன். தடித்த கோடுகளையும் அந்த மயிரிழைக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே இடம், ஒரே மாதம், அடுத்தடுத்த நாட்கள். தூசி இருந்தால் வெயில் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகக் கிடந்தது.

"தூசியுள்ள நாள் எங்கும் கிடைக்கும். அதே இடத்தில் தூசியை நிறுத்திவிட்டு வெயிலைப் பார்க்க யாருக்கும் வழியில்லை. எந்த அரசாங்கம் சொன்னாலும் ஓர் ஊர் தன் தூசியை நிறுத்தாது. நீ எப்படி நிறுத்தினாய்?"

நான் நிறுத்தவில்லை என்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். வருஷத்துச் சாப்பாட்டை வெட்டவெளியில் போட்டுவிட்டா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அந்த ‘ங்க’ இன்னும் என் நாக்கை விட்டுப் போகவில்லை. கொஞ்ச நேரம் அட்டைகளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த மாசியிலும் இதேபோல ஒரு தடவை செய்து பார்க்க அவர்கள் சம்மதிப்பார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

என் வண்டி கிளம்பும்போது ராமாத்தாள் ஒரு பை நிறையச் சோளத்தை மடியில் வைத்துவிட்டுச் சொன்னதை அவருக்கு அப்படியே சொன்னேன்.

"அடுத்த தடவ வாரதுக்கு முன்னாடி ஒரு கார்டு போட்டுடுங்க, தூசி வேணுமா வேண்டாமான்னு. எதுன்னாலும் செஞ்சு வெச்சுடறமுங்க."